பிக்கப் வாகனத்தின் வில் ஆணிகள்: பழுதறிதலும் மாற்றுதலும்

மாட்டுவண்டியில் விளைபொருள் கொண்டுசென்ற காலத்தில், சந்தைக்குப் புறப்படும் கமக்காரன் மாட்டைப் பூட்டுமுன் இரு சில்லுகளின் வெளிப்புறத்திலுமுள்ள கடையாணியைக் கையால் தொட்டுப் பார்ப்பது வழக்கம். விரல் நீளமேயுள்ள அவ்விரும்பு கழன்றால் சில்லு கழலும். சில்லு கழன்றால் பாரம் முழுவதும் தெருவிற் கிடக்கும். இன்று அப்பாரத்தைப் பெரும்பாலும் பிக்கப் வாகனமே சுமக்கின்றது. பிக்கப்பில் கடையாணி இல்லை. ஆயினும் அதன் பின்னச்சின் கீழே எட்டுச் சுரைகள் அதே கடமையைச் செய்துகொண்டிருக்கின்றன. அவை கண்ணுக்கு மறைவாகச் சேற்றுக்குள் இருப்பதால் அவற்றைத் தொட்டுப் பார்ப்பார் அரியர்.

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மாலையில் தக்காளியும் கத்தரியும் ஏற்றி, விடியுமுன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை அடையப் புறப்படும் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். நடுவழியில் வில் ஆணி ஒன்று முறிந்தால் வாகனம் அன்றிரவு அங்கேயே நிற்கும். காலையில் தக்காளியின் விலையும் போய்விடும், தக்காளியும் போய்விடும். இது சிறிய நட்டம். பின்னச்சு இடம்பெயர்ந்து, தடுப்புக் குழாய் அறுந்து, எதிரே வரும் பேருந்தின் முன் வாகனம் திரும்புமாயின் ஏற்படும் நட்டத்தை எந்தக் காப்புறுதியும் ஈடுசெய்யாது. மூட்டைகளின் மேல் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் வழக்கமும் இந்நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை.

வில்லும் அதன் ஆணிகளும்

பிக்கப் வாகனங்களிற் பெரும்பாலானவற்றின் பின்னச்சு தகட்டு வில்லின் மூலமே சட்டத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. வளைந்த உருக்குத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதே தகட்டு வில் ஆகும். மிக நீண்ட தகட்டின் இரு நுனிகளும் சுருட்டப்பட்டுக் கண்களாக அமைந்திருக்கும். முன்கண் சட்டத்திலுள்ள தாங்கியில் ஓர் ஆணியினால் பூட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது வளைவு குறைந்து வில் நீளுமாதலால் பின்கண்ணை அவ்வாறு நேரே பூட்டுதல் இயலாது. ஆகவே அது ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடக்கூடிய இரு தகடுகளில் தொங்கவிடப்பட்டிருக்கும். இதனையே கராஜ்காரர் ஷக்கிள் என்பர். முன்கண்ணில் ஓர் ஆணி, ஷக்கிளில் மேலும் கீழுமாக இரண்டு ஆணிகள் என ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கண் ஆணிகள் உண்டு. ஆணிக்கும் கண்ணுக்கும் இடையே புஷ் எனப்படும் இறப்பர் உறை இருக்கும்.

வில்லின் நடுவில் வேறு இருவகை ஆணிகள் உள. எல்லாத் தகடுகளையும் ஊடுருவி நிற்பது நடு ஆணி. அதன் உருண்ட தலை, அச்சின் மேலுள்ள இருக்கையின் குழியிற் சரியாகப் பொருந்தி நிற்கும். வில்லையும் அச்சையும் ஒருங்கே அணைத்துக் கட்டுபவை யூ ஆணிகள். அவை பக்கத்திற்கு இரண்டு. ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டு கால்களாதலால் பக்கத்திற்கு நான்கு சுரைகள், இரு பக்கமும் எட்டு. மேலே கூறிய எட்டுச் சுரைகள் இவையே.

இவ்விரு ஆணிகளின் கடமையும் ஒன்றென்று எண்ணுவதே பல பிழைகளுக்கு மூலமாகும். நடு ஆணி அச்சு இருக்கவேண்டிய இடத்தைக் குறித்துக்காட்டுவது மாத்திரமே. அது பாரத்தைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்டதன்று. சில்லு வண்டியைத் தள்ளும் விசையையும், தடுப்பு அழுத்தும்போது அச்சு எதிர்க்கும் விசையையும் தாங்கி நிற்பது உராய்வு ஆகும். யூ ஆணிகள் வில்லை இருக்கையோடு மிக வலுவாக நெரிப்பதால் அவ்வுராய்வு உண்டாகின்றது. அந்நெரிப்புத் தளர்ந்தால் வில் இருக்கையின் மேல் சிறிது சிறிதாக அசையத் தொடங்கும். அப்போது முழுவிசையும் விரலளவு தடிப்புள்ள நடு ஆணியின் கழுத்தில் விழும். சிலநாட் சென்று அது அறுந்துபோகும். அறுந்த நடு ஆணியைக் கண்ட கமக்காரர் புதிய நடு ஆணியைப் போட்டுத் திருப்தியடைவதும், அது மீண்டும் அறுவதும், ‘இக்காலத்து இரும்பு சரியில்லை’ என்று கடைக்காரனை நோவதும் வழக்கமாகக் காணப்படுவன. அறுந்தது நடு ஆணியாயினும் குற்றம் யூ ஆணியினுடையது.

தகடு முறிவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். நடு ஆணிக்காகத் துளையிடப்பட்ட இடமே தகட்டின் மெலிந்த இடமாகும். யூ ஆணிகள் இறுக்கமாயிருக்கும்வரை அந்த நடுப்பாகம் வளையாது. அவை தளர்ந்தபின் அவ்விடமும் வளைந்து நிமிரத் தொடங்கும். ஈற்றில் துளையின் குறுக்கே தகடு பிளக்கும். துளையினூடே முறிந்த தகட்டைக் கண்டால் முதலில் சுரைகளைப் பார்க்கவேண்டும்.

ஆணிகள் பழுதடைவது எவ்வாறு

முதற் காரணம் பாரம். 50 கிலோகிராம் நிறையுள்ள 20 யூரியா மூட்டைகள் ஒரு தொன் ஆகும். ஒரு தொன் ஏற்றலாமெனச் செய்தவர் குறித்த வாகனத்தில் 20 மூட்டைகளை ஏற்றியபின், சாரதியின் பக்கத்தில் இருவரும் மூட்டைகளின் மேல் நால்வரும் அமர்ந்தால் அளவு மீறிவிட்டது. நெல்லிலோ கணக்கு இன்னும் மறைவானது. 14 சதவீத ஈரப்பதனில் 1,000 கிலோகிராம் நிற்கும் நெல், வயலில் அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும்போது 22 சதவீத ஈரத்தோடு இருக்குமாயின் ஏறத்தாழ 1,100 கிலோகிராம் நிறுக்கும். மூட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பாரத்தை மதிப்பவர்கள் இந்த 100 கிலோவை அறியாமலே ஏற்றுகின்றனர். வயற்பாதையின் பள்ளத்திற் சில்லு விழும் கணத்தில் ஆணிகள் காணும் விசை, நின்ற பாரத்தைக் காட்டிலும் மிகப் பெரிது என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

இரண்டாவது துரு. யாழ்ப்பாணக் கடனீரேரியை அடுத்த வீதிகளிலும், ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாதைகளிலும் ஓடும் வாகனங்களுக்கு உப்புக் காற்றுப் பகை. உள்நாட்டு வாகனங்களும் இப்பகைக்குத் தப்புவதில்லை. மியூரியேற் ஒப் பொட்டாஷ் என்னும் பசளை பொட்டாசியக் குளோரைட்டு ஆகும். கறியுப்பிலுள்ள குளோரைட்டே இதிலும் உண்டு. சிந்திய பசளை பெட்டியின் இடுக்குகளினூடே வில்லின் மேல் விழுந்து, வயற்சேற்றின் ஈரத்தோடு கூடிக் கிடந்தால் சுரையின் மரைகள் அரிக்கப்படும். வெளியே தடித்துத் தோன்றும் ஆணி, சுரையின் கீழ் மெலிந்திருக்கும். பசளை ஏற்றிய நாளின் மாலையில் வாகனத்தின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவிவிடுதல் செலவில்லாத காவல்.

மூன்றாவது காரணம் கமக்காரர் நன்மையெனக் கருதிச் செய்வதொன்று. வில் தணிந்துவிட்டது என்பதற்காக ஒன்றிரண்டு தகடுகளைக் கூட்டிக்கொள்வர். அடுக்கின் தடிப்பு அதனாற் கூடுகின்றது. ஆனால் யூ ஆணி பழையதே. முன்னர் சுரைக்கு வெளியே நீண்டிருந்த மரை இப்போது சுரைக்குள்ளே ஒளிந்துகொள்ளும். சுரையின் முழு ஆழமும் மரையைப் பற்றாதபோது அது பாதி வலியுடன் நிற்கின்றது. போதாக்குறைக்கு, கூட்டிய தகடு இடங்கொடுத்ததென்று பாரமும் கூட்டப்படும். வில்லைத் தடிப்பாக்கினால் அச்சும், சில்லின் போல்களும், தடுப்பும் தடிப்படைவதில்லை. தகடு கூட்டுவதைக் காட்டிலும் இருமுறை சென்றுவருதல் மலிவு என்பதைக் கணக்குப் பார்த்தோர் அறிவர். அவ்வாறு தகடு மாற்றவே வேண்டுமாயின் நீளங்கூடிய புதிய யூ ஆணிகளையும் அத்துடன் வாங்கவேண்டும்.

அளவுக்கு மீறி முறுக்குவதும் ஆணிக்குத் தீங்கே. இறுக்கப்பட்ட ஆணி மிக நுண்ணிய அளவு நீண்டு, மீண்டும் சுருங்க முயல்கின்றது, அம்முயற்சியே நெரிப்பாகும். சாவியில் நீண்ட குழாயைச் செருகி இருவர் தொங்கினால் ஆணி மீளமுடியாதவாறு நீண்டுவிடும். அதன்பின் எவ்வளவு முறுக்கினும் அதன் வலு திரும்பாது.

பழுதை அறிதல்

வாகனம் சமதரையில் நிற்கும்போது பின்புறமாகச் சற்றுத் தள்ளி நின்று நோக்குக. ஒரு பக்கம் சாய்ந்திருப்பின் அப்பக்கத்து வில்லை ஆராயவேண்டும். பின்னர் முன்சில்லுகளை நேராக வைத்து, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை ஒரு கயிற்றைப் பிடித்து, அவ்வளவை மறுபக்கத்தோடு ஒப்பிடுக. இரு பக்கமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு விரற்கடை வேறுபாடு காணினும் அச்சு நகர்ந்திருக்கக்கூடும். நேர்வீதியில் ஓடும்போது வாகனம் நண்டு போலச் சற்றுப் பக்கவாட்டாகச் செல்வதாகப் பின்னால் வருவோர் கூறினால் அதுவும் இதே குறி.

அடுத்து அடிப்பாகத்தைக் கழுவி உலரவிட்டுப் பார்க்கவேண்டும். சேற்றோடு பார்ப்பதில் பயனில்லை. யூ ஆணியின் அடியிலோ தகடுகளின் இடையிலோ செந்நிறப் பொடி கசிந்திருந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உராய்கின்றன என்பது பொருள். சுரையின் அருகே பளபளப்பான கோடு தென்படுவதும் அசைவின் அடையாளம். சிறு சுத்தியலால் ஆணியின் காலைத் தட்டினால் இறுகிய ஆணி கணீரென ஒலிக்கும். தளர்ந்ததும் வெடித்ததும் மந்தமாக ஒலிக்கும். பழகிய காதுக்கு இது நல்ல சோதனை, பழகாதார் இதனை மாத்திரம் நம்பலாகாது. கண் ஆணிகளைச் சோதிப்பதற்கு, கண்ணுக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு கம்பியைச் செருகி நெம்பிப் பார்க்கலாம். இறப்பர் சிறிது நெகிழ்தல் இயல்பு. கடகடவென ஒலித்து ஆடினால் புஷ் தேய்ந்து, ஆணியும் கண்ணின் உட்புறமும் உராய்ந்துகொண்டிருக்கின்றன.

புதிய ஆணியை வாங்குதல்

ஒருமுறை கழற்றிய யூ ஆணியை மீண்டும் பூட்டுதல் தகாது. நன்றாக இருக்கின்றதே என்று தோன்றும். கண்ணுக்குத் தோன்றாத நீட்சி அதில் உண்டு, மரைகளும் பழைய சுரையின் வடிவத்துக்கு நசிந்திருக்கும். எட்டுச் சுரைகளுள் ஒன்று பழுதாயினும் அப்பக்கத்து யூ ஆணிகள் இரண்டையும் அவற்றின் நான்கு சுரைகளையும் வளையங்களையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. இறப்பர் போன்ற நைலோன் வளையமுள்ள பூட்டுச் சுரைகளும் அவ்வாறே. ஒருமுறை கழற்றினால் அவற்றின் பிடி குறைந்துவிடும்.

கடையில் ‘இந்த அளவில் ஓர் ஆணி’ என்று கேட்பது போதாது. அறுகோணத் தலையுள்ள ஆணிகளின் தலையில் 4.6, 8.8, 10.9 எனச் சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை அலங்காரம் அல்ல. முதல் எண்ணை 100 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை நியூற்றன் விசையில் அவ்வுருக்கு அறும் என்பது கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அதன் பத்தில் எத்தனை பங்கில் ஆணி மீளாதபடி நீளத் தொடங்கும் என்பதைக் காட்டும். இக்கணக்கின்படி 12 மில்லிமீற்றர் தடிப்பும் வழக்கமான மரையும் உள்ள ஆணி, 4.6 தரமாயின் ஏறத்தாழ 2 தொன் இழுவையில் நீண்டுவிடும். அதே தடிப்புள்ள 8.8 தர ஆணியோ ஏறத்தாழ 5½ தொன் வரை நீளாது நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் நிறத்திலும் உருவத்திலும் வேறுபாடு தெரியாது. விலையில் மாத்திரமே தெரியும். வில்லின் கண் ஆணிகளுக்குச் செய்தவர் விதித்த தரத்திற் குறைந்த எதையும் இடலாகாது. அமெரிக்க முறையில் எண்களுக்குப் பதிலாகக் கோடுகள் இருக்கும்: தலையில் மூன்று கோடுகள் ஐந்தாம் தரத்தையும் ஆறு கோடுகள் எட்டாம் தரத்தையும் குறிக்கும். தலையில் எக்குறியும் இல்லாத ஆணி கூரைக்கும் வேலிப் படலைக்கும் உதவலாம்.

யூ ஆணிக்குத் தலை இல்லையாதலால் இக்குறிகள் எப்போதும் காணப்படா. ஆகவே வாகனத்தின் மாதிரியையும் ஆண்டையும் கூறி அதற்கென உரிய ஆணியை, நம்பத்தக்க உதிரிப்பாகக் கடையிற் பெறுவதே சிறந்தது. பழைய ஆணியையும் கையோடு கொண்டுசெல்லவேண்டும். கம்பியின் தடிப்பு, இரு கால்களுக்கிடையேயுள்ள அகலம், காலின் நீளம், மரையின் நெருக்கம் ஆகிய நான்கும் ஒத்திருக்கவேண்டும். 12 மில்லிமீற்றர் ஆணிகளுள்ளும் 1.25, 1.5, 1.75 மில்லிமீற்றர் என வேறுபட்ட மரைகள் உண்டு. ஒன்றன் சுரையை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் ஓரிரு சுற்று ஏறும், பின் மரையைத் தின்றுவிடும். உருண்டை அச்சுக்கு வட்ட வளைவும், தட்டையான இருக்கைக்குச் சதுர வளைவும் உரியன. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

கட்டடக் கம்பியைத் தீயிற் காய்ச்சி வளைத்து, மரையிட்டு யூ ஆணி செய்து தருவோர் உளர். மண்வெட்டியும் கத்தியும் அடிக்கும் கொல்லரின் கைத்திறனில் குறையில்லை. குறை இரும்பிலும் தீயிலும் உள்ளது. ஆணிக்குரிய உருக்கு வேறு. தொழிற்சாலையில் அது பெற்ற வலுவைச் செந்தணல் போக்கிவிடும். இதே காரணத்தால், வெடித்த ஆணியையோ தகட்டையோ மின்னாற் பற்றவைத்தலும் தவறு. பற்றுவைத்த இடம் உறுதியாகத் தோன்றும். அதன் அருகே சூடேறிய இடம் அடுத்த பாரத்தில் முறியும்.

மாற்றும் வேலை

வேலைக்கு முதல்நாள் எல்லா மரைகளையும் கம்பித் தூரிகையால் சுத்தஞ்செய்து, துருவை இளக்கும் எண்ணெயை விட்டுவைக்கவேண்டும். ஓரிரவு எண்ணெய் செய்யும் வேலையை மறுநாள் இருவரின் தோள்வலி செய்யாது.

பாரத்தை முற்றாக இறக்கி, வாகனத்தைச் சமமான கடினத் தரையில் நிறுத்துக. நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம் இதற்கு மிக உகந்தது. பின்சில்லுகளைத் தரையிலிருந்து உயர்த்தியபின் கைத்தடுப்பு வாகனத்தை நிறுத்தி வைக்காது. அது பின்சில்லுகளையே பற்றுவதாகும். ஆதலால் முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டைகளை அண்டைகொடுத்தல் இன்றியமையாதது. ஜக்கினால் உயர்த்தி, வில்லின் முன்தாங்கிக்குச் சற்று முன்பாகச் சட்டத்தின் கீழ் இருபுறமும் உறுதியான தாங்கிகளை வைக்கவேண்டும். ஜக்கு உயர்த்துவதற்குரியது. தாங்குவதற்குரியதன்று. அதன் மீது மாத்திரம் நிற்கும் வாகனத்தின் கீழ் எவரும் ஒருபோதும் புகலாகாது. சீமெந்துக் கல்லையும் செங்கல்லையும் தாங்கியாக வைப்போர் பலர். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குவன. இரும்புத் தாங்கிகள் கிடையாவிடின், தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகல அடுக்கிக்கொள்ளலாம். தாங்கிய பின் வாகனத்தைக் கையால் அசைத்துப் பார்த்து, அசையாதென உறுதியானபின்னரே கீழே செல்லவேண்டும்.

இன்னொரு ஜக்கினால் அச்சைத் தாங்கி, வில் இழுபடாமலும் நெரிபடாமலும் இருக்கும் உயரத்தில் நிறுத்துக. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தையே கழற்றவேண்டும். மறுபக்கம் பூட்டியிருக்கும்வரை அச்சு தன் இடத்தை விட்டு வெகுதூரம் போகாது. சுரைகளைச் சிறிது சிறிதாக மாறிமாறித் தளர்த்துக. கழலாத சுரையை அறுவாளால் அறுக்கலாம், அல்லது அரைக்கும் இயந்திரத்தால் வெட்டலாம். எரிவாயுத் தீயை இங்கே உபயோகித்தல் ஆபத்து. எரிபொருட் தாங்கியும் தடுப்புக் குழாயும் அண்மையிலேயே உள்ளன.

நடு ஆணியும் அறுந்திருந்தால் அதனைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. தகடுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வளைவுடையன. அவற்றை ஒருங்கே நெரித்து வைத்திருப்பவை ஆணிகளே. நெரிப்பை விடுத்தவுடன் அவை விசையோடு பிரிந்து தாக்கக்கூடும். கைவிரலும் கண்ணும் இழந்தோர் உண்டு. ஆகவே நடு ஆணிக்கு இருபுறமும் இரண்டு வலிய இறுக்கிகளால் தகடுகளைக் கட்டிக்கொண்ட பின்னரே அதனைக் கழற்றவேண்டும். பின்னர் இறுக்கிகளை மாறிமாறிச் சமமாகத் தளர்த்தித் தகடுகளைப் பிரிக்கலாம். புதிய நடு ஆணியின் தலை, அச்சிருக்கையின் குழியிற் சிக்கெனப் பொருந்துகின்றதா என வாங்குமிடத்திலேயே அளந்துகொள்ளுதல் நன்று. தலை சிறிதாயின் அச்சு அவ்விடைவெளியளவு ஆடும்.

பூட்டுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றைப் பலரும் விட்டுவிடுகின்றனர். அச்சிருக்கையிலும், கீழ்த்தகட்டிலும், வில்லின் நடுவிலும் படிந்துள்ள சேறு, துரு, தடித்த பழைய பூச்சு ஆகியவற்றை முற்றாகச் சுரண்டி எடுக்கவேண்டும். அவற்றின் மேலேயே பூட்டினால் அன்று இறுக்கமாகத்தான் இருக்கும். ஓடஓட அப்படலம் நசுங்கும். தாளளவு நசுங்கினாலும் ஆணியின் நெரிப்பிற் பெரும்பகுதி போய்விடும்.

யூ ஆணிகளை இட்டு, இரண்டு கால்களிலும் மரை ஒரே அளவு வெளியே தோன்றுமாறு சுரைகளைக் கையால் ஏற்றுக. நான்கு சுரைகளையும் மூலைக்கு மூலை மாறி, மூன்று கட்டங்களில் இறுக்கவேண்டும். ஒன்றை முற்றாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லுதல் கூடாது. முழு முறுக்கு எவ்வளவு என்பதை வாகனத்தின் கைநூல் கூறும். முறுக்கை அளக்கும் சாவி ஒன்றை, ஊரில் நால்வர் சேர்ந்தேனும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தெளிகருவி ஒன்றுக்குச் செய்யும் செலவை இதற்குச் செய்வதில் தவறில்லை. அளவு மனத்திற் படும்படி கூறுவதாயின், ஒரு மீற்றர் நீளமான சாவியின் நுனியில் 10 கிலோகிராம் தொங்கும் விசையே ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர் ஆகும். சாவி அரை மீற்றராயின் 20 கிலோகிராம் வேண்டும். மரைக்கு எண்ணெய் இடுவதா விடுவதா என்பதிலும் கைநூலின்படியே நடக்கவேண்டும். எண்ணெயிட்ட மரையில் அதே முறுக்கு ஆணியை அதிகம் இழுத்துவிடும். இறுக்கி முடிந்தபின் சுரைக்கு வெளியே இரண்டு மூன்று மரைகளேனும் தோன்றவேண்டும்.

கண் ஆணிகள்

கண் ஆணிகளை மாற்றும் முறை வேறு. இங்கே பெருந்தொல்லை தருவது, புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாயோடு ஆணி துருவால் ஒட்டிக்கொள்வதாகும். தலையைத் திருப்பினால் ஆணியும் குழாயும் இறப்பரும் ஒன்றாய்த் திரும்பும், ஆணி வெளியே வராது. அப்போது தாங்கிக்கும் கண்ணுக்கும் இடையே இருபுறமும் வாளால் அறுத்து எடுப்பதே வழி. அங்ஙனம் எடுத்தால் புஷ்ஷையும் புதிதாக இடவேண்டும். இறப்பரைத் தீயால் எரித்து எடுப்பது இலகுவெனக் காணப்படினும் அப்புகை நஞ்சாகும். கண்ணின் உருக்கும் சூட்டினால் கெடும். புதிய ஆணியின் உடலில், குழாய்க்குள் நிற்கும் பாகத்தில் மாத்திரம், கிறீசை மெல்லியதாகப் பூசினால் அடுத்தமுறை வாளுக்கு வேலையிராது.

கண் ஆணிகளின் சுரைகளை வாகனம் உயர்ந்து நிற்கையில் முற்றாக இறுக்கலாகாது. அவ்வேளையில் வில் தொங்கி வளைந்திருக்கும். அந்நிலையிற் குழாயை இறுகப் பிடித்துவிட்டால், வாகனத்தைத் தரையில் இறக்கியவுடன் இறப்பர் முறுக்குண்டு, எந்நேரமும் அம்முறுக்கிலேயே நின்று சில மாதங்களிற் கிழிந்துபோகும். கையால் இறுக்கமாக ஏற்றி, தாங்கிகளை நீக்கி, சில்லுகள் பாரத்தைத் தாங்கும் நிலையில் வாகனத்தை முன்னும் பின்னும் சிறிது உருட்டி, அதன் பின்னரே முழு முறுக்குக் கொடுக்கவேண்டும். புதிய புஷ் ஆறு மாதத்திற் போய்விட்டதென முறையிடும் கமக்காரர், எவ்வாறு பூட்டப்பட்டது என்பதை முதலில் விசாரித்தல் தகும். யூ ஆணிகளின் கடைசி முறுக்கையும் இந்நிலையிலேயே கொடுப்பது நன்று.

இங்கே கூறியவை பின்னச்சின் தகட்டு வில்லுக்கே பொருந்தும். முன்சில்லுகளின் ஆணிகள் சில வாகனங்களிற் சில்லின் சாய்வை நிர்ணயிப்பவை. அவற்றைக் கழற்றினால் அளவுகருவியின்றித் திரும்பப் பொருத்தமுடியாது. சுருள் வில் உள்ள இடங்களில் நெரிபட்டிருக்கும் விசை உயிருக்கே ஆபத்தானது. அவ்வேலைகளைத் தேர்ந்த கராஜிடம் விடுதல் வேண்டும்.

மாற்றிய பின்

புதிய யூ ஆணி முதற்சில நாட்களில் சிறிது தளர்தல் இயல்பு. எவ்வளவு சுத்தஞ்செய்தாலும் தகடுகளும் இருக்கையும் ஒன்றோடொன்று படிந்து அமரும். ஆகவே முதற் பாரம் ஏற்றி இறக்கிய பின்னர் ஒருமுறையும், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின்னர் மறுமுறையும், அதே முறுக்களவுக்குச் சுரைகளை இறுக்கவேண்டும். அதன்பின் பெரும்போக அறுவடைக்கு முன்னும் சிறுபோக அறுவடைக்கு முன்னும் பார்த்துக்கொண்டால் போதும். மரக்கறி ஏற்றி வாரந்தோறும் நெடுந்தூரம் ஓடும் வாகனத்தை மாதம் ஒருமுறையேனும் பார்க்கவேண்டும்.

சாவியின்றியே பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. கடைசி முறை இறுக்கி முடித்தவுடன், ஒவ்வொரு சுரையின் பக்கத்திலிருந்தும் அதன் கீழுள்ள தகடுவரை வெள்ளைப் பூச்சினால் ஒரு நேர்கோடு இடுக. சுரை திரும்பினால் கோடு முறிந்து தோன்றும். பாரம் ஏற்றுமுன் குனிந்து பார்க்க அரை நிமிடமே செல்லும். ஒரு கோடு முறிந்திருந்தால் நான்கு சுரைகளையும் இறுக்கிப் புதிய கோடு இடவேண்டும். அதே கோடு மீண்டும் முறியுமாயின் முறுக்கிப் பயனில்லை. இருக்கை தேய்ந்துள்ளது, அல்லது உள்ளே ஒரு தகடு முறிந்துள்ளது. பாரம் ஏற்றாமல் கழற்றிப் பார்க்கவேண்டும்.